கிட்டார் டாப்: தட்டையா ஒட்டவா, மேடு கொடுத்து ஒட்டவா? நம்ம திருநெல்வேலிக் காத்துக்கு ஒரு கணக்கு

கையால கிட்டார் செய்ய உக்காருதவங்க எல்லாரும் ஒரு இடத்துல வந்து முழிச்சுக்கிட்டு நிப்பாங்க. டாப்போட (கம்பிக்கு அடில வார முன்பக்கப் பலகை) ரெண்டு பாதியையும் ஒட்டியாச்சு, இழைச்சு கனம் கொறைச்சாச்சு, சைடு வளைஞ்சு அச்சுக்குள்ள கெடக்கு, இனி டாப்புக்கு அடில அதத் தாங்குற பிரேசிங் பட்டிய ஒட்டி அதத் தூக்கி சைடு மேல ஒட்டணும். அத தட்டையா ஒட்டவா, லேசா மேடு கொடுத்து ஒட்டவா, மேடுன்னா எம்புட்டு, எதுல வச்சு அந்த மேட்ட கொண்டாற? யூடியூப்ல பாத்தா ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க, எல்லாரும் சரியாத்தான் சொல்லுதாங்க, ஆனா அவங்க அவங்க ஊரு காத்துக்கு சொல்லுதாங்க. நமக்கு ஆனி ஆடில மூஞ்சில அறையுற வரட்டுக் காத்து, அதே நேரம் தென்காசி பக்கம் போனா சாரல், ஐப்பசி கார்த்திகைல துணியே காயாது. அதனால நம்ம ஊருல ஒக்காந்து செய்யுறவங்களுக்குன்னு இத எழுதுதேன். பேச்சு முக்கியமா ஸ்டீல் கம்பி போடுற அக்கௌஸ்டிக் பத்தி, நைலான் கம்பி கிளாசிக்கல் நடுவுல ஒரு இடத்துல வரும்.

ஒரு டாப்புக்கு இம்புட்டு அலப்பறையான்னு கேட்டா ஆமா, சத்தமே அதுலதான் இருக்கு. ஸ்பெயின்ல அந்தோனியோ டி டோரஸ்னு ஒருத்தர், இன்னைக்கு நாம பாக்குற கிளாசிக்கல் கிட்டாரோட உருவத்த நிலைநிறுத்துனவரு, 1862ல சைடும் பின்பக்கமும் காகித அட்டைல செஞ்சு டாப்ப மட்டும் நல்ல மரத்துல போட்டு ஒரு கிட்டார் செஞ்சாரு. டாப்தான் எல்லாம்னு காட்டுறதுக்காகவே செஞ்சது, அது பார்சிலோனா மியூசியத்துல இருக்கு. அதனால சைடுக்கு என்ன மரம், பின்பக்கத்துக்கு ரோஸ்வுட்டா மஹோகனியான்னு மாசக்கணக்கா யோசிக்கதுல பாதிய இங்க செலவழிங்க.

மரத்தப் பத்தி வெரசா சொல்லிட்டு தாண்டிருதேன். ஸ்ப்ரூஸ், இல்லன்னா வெஸ்டர்ன் ரெட் சீடர், ரெண்டும் நம்ம மண்ணுல வெளையுறதில்ல, செட்டா வாங்கணும். செங்கோட்டைல இல்லாத மரமா, தேக்கோ பலாவோ போட்டா என்னன்னு அண்ணாச்சிமாரு கேக்காங்க. சிட்கா ஸ்ப்ரூஸ் ஒரு கன மீட்டர் சுமாரா 400லேர்ந்து 430 கிலோ இருக்கும், தேக்கு 600ஐத் தாண்டிரும். டாப்புக்கு வேண்டியது எடை கம்மியா வெறப்பு கூடுதலா இருக்குற மரம், தேக்கு கதவுக்கு ராசா, கிட்டார் டாப்புக்கு சொமை. பலால வீணை செய்யுதாங்களேன்னா வீணையோட உடம்பு கொடையுற குடம், அது வேற கதை.

இப்ப விசயத்துக்கு வருவோம். டாப் ஏறக்குறைய 2.8 மில்லிலேர்ந்து 3 மில்லி கனம், சீடர்னா கொஞ்சம் தடிப்பா விடுவாங்க. அதுமேல லைட் கேஜ் (மெல்லிசு ரக) கம்பி ஆறையும் சுருதி கூட்டி நிறுத்துனா மொத்தமா 70 கிலோவுக்கு மேல இழுவை. இழுவை நேரா இழுக்காது, டாப் மேல கம்பிய மாட்டுற கட்டையான பிரிட்ஜப் புடிச்சு முன்னால கவுக்கப் பாக்கும், அதனால பிரிட்ஜுக்குப் பின்னால டாப் உப்பும், முன்னால சவுண்ட் ஹோல் பக்கம் அமுங்கும். இதுக்காகத்தான் அடில எக்ஸ் வடிவுல பட்டி போடுதாங்க, மார்ட்டின் கம்பெனி 1840கள்லயே அந்த எக்ஸ்ஸ செய்ய ஆரம்பிச்சிட்டாங்க. எந்தப் பட்டியா இருந்தாலும் ஒரு கணக்க மட்டும் மனசுல வச்சிக்கிடுங்க: வெறப்பு கனத்தோட கன மடங்குல போகும், பத்துல ஒரு பங்கு இழைச்சு எடுத்தா வெறப்புல கால்வாசிக்கு மேல போயிரும். இழைப்புளி கைல இருக்கும்போது சும்மா இன்னும் ரெண்டு இழுப்புன்னு தோணும், தோணுச்சுன்னா டீ குடிக்கப் போயிருங்க.

கம்பி இழுக்கது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் காத்து, நம்ம ஊருல அதுதான் பெரிய வில்லன். மரம் நாருக்கு குறுக்கால வீங்கும் சுருங்கும், நார் போற திசைல ஏறக்குறைய அசையாது. டாப்போட நார் நெக்குலேர்ந்து அடி வரைக்கும் நீளவாக்குல போகுது, அதனால டாப் அகலத்துல சுருங்கும். அதுக்கு அடில ஒட்டுன பட்டிகளோட நார் குறுக்கால, சாய்வா போகுது, அது சுருங்காது. ஒண்ணு சுருங்க, இன்னொண்ணு விடமாட்டேன்னு புடிக்க, வரட்டுக் காத்துல டாப் உள்பக்கமா குழியும், ஈரக் காத்துல வெளிப்பக்கமா உப்பும். வெயில்ல போட்ட அப்பளம் சுருண்டுக்கிட்டு நிக்கும்லா, அந்தக் கதைதான்.

அளவாச் சொல்லணும்னா, காத்துல ஈரப்பதம் 70 சதவீதமா இருந்தா நம்ம ஊரு சூட்டுல மரம் ஏறக்குறைய 13 சதவீதம் தண்ணிய வச்சிருக்கும், 40 சதவீதமா இறங்குனா ஏழரைக்கு வந்துரும். குவார்ட்டர் கட் (வருச வளையம் பலகைக்கு செங்குத்தா நிக்கற மாதிரி அறுத்த) ஸ்ப்ரூஸ் ஒரு சதவீதம் தண்ணி எறங்குனா அகலத்துல ஆயிரத்துல ஒன்றரை பங்கு மாதிரி சுருங்கும். கீழ்ப்பக்கம் 400 மில்லி அகலம்னு வச்சுக்கிடுங்க, மொத்தம் மூணு மில்லி பக்கம் சுருங்கணும். சைடும் பட்டியும் விடாது. மரம் என்ன செய்யும், குழியும், அதுவும் பத்தலன்னா நடு ஒட்டுக்குப் பக்கத்துல கோடு விட்டுரும்.

இந்த எடத்துல எல்லாரும் சொல்லுத பதில், மேடு கொடுத்துட்டா சுருங்குறதுக்கு எடம் கெடைக்கும், வெடிக்காதுன்னு. இதுல எனக்கு முழு சம்மதம் கெடையாது. 28 அடி ரேடியஸ்ல, அதாவது 28 அடி ஆரம் உள்ள பெரிய உருண்டையோட வளைவுல மேடு கொடுத்தா 400 மில்லி அகலத்துக்கு நடுவுல 2.3 மில்லி ஒசரும். அந்த வளைவோட நீளத்துக்கும் நேர்கோட்டு நீளத்துக்கும் வித்தியாசம் எம்புட்டுன்னு கணக்கு போட்டுப் பாருங்க, 0.04 மில்லி கூட வராது. மரம் மூணு மில்லி கேக்குது, மேடு கொடுக்கது தலைமுடி கனத்துல ஒரு பங்கு. அப்ப மேட்டால பிரயோசனம் இல்லையான்னா இருக்கு, ஆனா அது வேற பிரயோசனம்: டாப் அமுங்கும்போது மேட்டுலேர்ந்து தட்டைக்கு வரும், தட்டைலேர்ந்து குழிக்குப் போகல, கம்பி இழுக்கதுக்கும் ஒரு தாங்கு கெடைக்கும். வெடிப்ப நிறுத்துறது மேடு இல்ல, பட்டிய ஒட்டுன அன்னைக்கு மரத்துக்குள்ள எம்புட்டு ஈரம் இருந்துச்சுங்கதுதான். அதனால நம்ம ஊருல முதல்ல முடிவு பண்ண வேண்டியது ஒட்டுற நாளு, தட்டையா மேடாங்கது ரெண்டாவது.

அந்த நாளப் பத்தி அப்புறம் வாரேன், முதல்ல வழிகளப் பாத்துருவோம்.

முதல் வழி, சுத்தத் தட்டை. பட்டிகளோட அடி நேர்கோடு, சைடோட விளிம்பு ஒரே மட்டம், பிளைவுட்ல உப்புத்தாள ஒட்டி அதுல சைட கவுத்துத் தேச்சா மட்டம் வந்துரும். தனி சாமான் ஒண்ணும் வேண்டாம், பிரிட்ஜோட அடி தட்டையாவே இருக்கலாம், நெக் வந்து உக்காருற இடத்துல தலைவலி கம்மி. பழைய காலத்துல ஏணிப்படி மாதிரி குறுக்குப் பட்டி மட்டும் போட்ட சின்ன கிட்டார்லாம் இப்பிடி நெறைய வந்திருக்கு. ஆனா தட்டைல விட்டுக்கொடுக்க எடமே கெடையாது, ஒரு மில்லி அமுங்குனாலும் அது குழிதான், கண்ணுக்கும் அசிங்கமாத் தெரியும், வெளிச்சத்துல சாச்சுப் பாத்தா ஊரே பாக்கும். ஏசி ரூம்லயே பொறந்து ஏசி ரூம்லயே வாழப்போற கிட்டார்னா பரவாயில்ல. மார்கழில கேரல் ரவுண்ட்ஸ்னு பனில தெருத்தெருவா போயி, சித்திரைல மொட்டைமாடி ரூம்ல தொங்கப்போற பாளையங்கோட்டை கிட்டாருக்கு இது சரிப்படாது.

ரெண்டாவது வழி, பட்டில மட்டும் வளைவு, சைடு விளிம்பு தட்டை. நெறைய பேரு முதல் கிட்டார இப்பிடித்தான் செய்யுதாங்க, ஏன்னா டிஷ் (மூணாவது வழில வார உருண்டைக் குழி அச்சு) வேண்டாம். பட்டியோட அடிய 28 அடி வளைவுக்கு இழைக்கணும், அந்த வளைவ எப்பிடி வரையன்னு பயப்படாதீங்க, எட்டரை மீட்டர் கயிறு கட்டிக்கிட்டு தெருவுக்குப் போக வேண்டாம். 600 மில்லி நீளத்துல ரெண்டு முனைலயும் ஆணி, நடுவுல 5.3 மில்லி ஒசரத்துல ஒரு ஆணி, ஒரே கனமா இழைச்ச மெல்லிசான ரீப்பர அதுல வளைச்சு பென்சிலால கோடு போட்டா டெம்ப்ளேட் ரெடி. அத பிளைவுட்ல வெட்டி வச்சுக்கிட்டா காலத்துக்கும் ஆகும்.

இதுல சிக்கல் எங்கன்னா, பட்டி டாப்ப உருண்டையா வளைக்குது, ஆனா சைடு விளிம்பு தட்டை. உருண்டைல நடுவுலேர்ந்து தூரம் போகப்போக இறங்கிக்கிட்டே போகும், இடுப்புப் பக்கம் நடுவுலேர்ந்து 120 மில்லிதான், அங்க 0.8 மில்லி இறங்கும், கீழ் அகலத்துல 200 மில்லி, அங்க 2.3 இறங்கும். ரெண்டுக்கும் ஒன்றரை மில்லி வித்தியாசம் இருக்கணும், நம்ம விளிம்புல அது இல்ல. அப்ப கிளாம்ப போட்டு அமுக்கும்போது எங்கயாவது ஒரு எடத்துல டாப்ப கட்டாயப்படுத்தி உக்கார வைக்கோம். ஒட்டு தாங்கும், நெறைய தாங்கியும் இருக்கு, ஆனா அந்த இறுக்கம் உள்ளுக்குள்ளயே கெடக்கும், வரட்டுக் காத்து வரும்போது சுருக்கத்தோட இந்த இறுக்கமும் சேந்துக்கிடும். இத பாதியாக் கொறைக்க ஒரு வழி இருக்கு, அச்சுக்கு நடுவுல ஒரு கட்டைய நிறுத்தி அதுமேல நீளமான உப்புத்தாள் குச்சியோட ஒரு முனைய கொஞ்சம் ஒசத்தி வச்சு, இன்னொரு முனைய விளிம்புல சுத்திச் சுத்தி தேச்சா விளிம்பு வெளிப்பக்கமா சாஞ்சு வரும், இடுப்புல ஒசந்தும் ஓரத்துல தாந்தும் நிக்கும். உருண்டை இல்ல, கூம்புதான், ஆனாலும் தட்டைக்கு எவ்வளவோ மேல். டிஷ் இல்லாதவங்க இத விடாதீங்க.

மூணாவது, முழு டிஷ். என் ஓட்டு இதுக்குத்தான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்லுதேன். ரெண்டடி அகல எம்டிஎஃப் வட்டத்துல நடுவுல ஐந்தரை மில்லி குழி, ஓரத்துல பூஜ்யம், எல்லாப் பக்கமும் ஒரே சீரான உருண்டைக் குழி, அதுதான் 28 அடி டிஷ். கதவுல பூவேலையும் பூஜை ரூம் கதவும் போடுத சிஎன்சி கடைகள் இப்ப நம்ம பக்கம் நெறைய வந்துட்டு, அளவக் கொடுத்தா கொடஞ்சு தருவாங்க. சிஎன்சி இல்லன்னா வளைஞ்ச ரெண்டு தண்டவாளக் கட்டை மேல ரௌட்டர (மரத்தக் கொடையுற கை மெஷின்) ஓட்டி குழி எடுக்கலாம். அதுவும் இல்லன்னா தடிப்பான பலகை மேல சுத்துவட்டமா ஒசரம் வச்சு, அதுமேல மெல்லிசு பிளைவுட் வட்டத்த வச்சு, நடுவுல ஒரு போல்ட்டப் போட்டு ஐந்தரை மில்லி கீழ இழுத்துக் கட்டலாம், அச்சு அசலா உருண்டை வராது, வேலைக்கு ஆகும்.

டிஷ் ஒண்ணு இருந்தா அதுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, 80 நம்பர் உப்புத்தாள அதுல ஒட்டி, சைடோட விளிம்ப (உள்ளோரமா ஒட்டுன லைனிங் பட்டியோட சேத்து) அதுல கவுத்து வச்சு இடமும் வலமுமா திருப்பித் திருப்பித் தேய்க்கது. தேய்க்குமுன்ன விளிம்பு பூரா சாக்பீஸ் பூசிருங்க. சாக்பீஸ் இருக்க எடம் இன்னும் தொடாத எடம், எல்லா எடத்துலயும் போனாதான் விளிம்பு உருண்டைல முழுசா உக்காந்திருக்கு. இடுப்புல கடைசி வரைக்கும் போகாது, பொறுமையாத் தேயுங்க, அமுக்கித் தேச்சா சைடு வளைஞ்சு கொடுத்து பொய்க்கணக்கு காட்டும். ரெண்டாவது வேலை, உப்புத்தாள எடுத்துட்டு டாப்ப மூஞ்சி கீழ இருக்குற மாதிரி டிஷ்ல வச்சு, வளைவா இழைச்ச பட்டிய அதுமேல ஒட்டி அமுக்குறது. அமுக்க கிளாம்ப் எட்டாது, டிஷ்க்கு மேல ஒரு அலமாரித் தட்டு மாதிரி பலகைய நிறுத்தி, மூங்கில் சிம்ப வளைச்சு நடுவுல முட்டுக் கொடுத்தா வில்லா நின்னு அமுக்கும். மூங்கில் நம்ம ஊருல கெடைக்கதுக்கு என்ன பஞ்சம்.

இந்த வழில டாப், பட்டி, விளிம்பு மூணும் ஒரே உருண்டைக்குச் செஞ்சது, அதனால ஒட்டும்போது எதையும் கட்டாயப்படுத்த வேண்டியதில்ல. கைய வச்சாலே உக்காரணும். கைல உக்காராம கிளாம்ப்ப முறுக்கி உக்கார வைக்கீங்கன்னா நிறுத்துங்க, எங்கயோ சாக்பீஸ் மிச்சம் இருக்கு.

இதுல ஒரு தொந்தரவு நெக் பக்கம். டாப் முழுசும் உருண்டைன்னா நெக் வந்து சேருற எடத்துலேர்ந்து சவுண்ட் ஹோல் வரைக்கும் கூட உருண்டை, அதுமேல ஃப்ரெட்போர்டோட நுனி படுக்கணும், அது நேர்கோடு. பதினாலாவது ஃப்ரெட்ல ஒரு மேடும் அதுக்கப்புறம் சரிவும் வந்து நிக்கும், பெறவு ஃப்ரெட்ட ராவி ராவி சரி பண்ண முடியாது. அதனால சவுண்ட் ஹோலுக்கு மேல உள்ள பகுதிய மட்டும் தட்டையா விடுங்க: மேல் குறுக்குப் பட்டிக்கு வளைவு வேண்டாம், விளிம்பையும் நெக் கட்டைலேர்ந்து கொஞ்ச தூரத்துக்கு ஒன்றரை டிகிரி மாதிரி சாய்வுல தட்டையா தேச்சிருங்க. ஸ்டீல் ஸ்கேல நெக்கு பக்கம் டாப் மேல வச்சு பிரிட்ஜ் வரப்போற எடம் வரைக்கும் நீட்டிப் பாக்கணும். கடைசில வேண்டியது என்னன்னா பிரிட்ஜ் கிட்ட கம்பி டாப்புலேர்ந்து பன்னெண்டு பன்னெண்டரை மில்லி ஒசரத்துல நிக்கணும், பிரிட்ஜ் ஒம்பது ஒம்பதரை, மீதி சேடில் (பிரிட்ஜ் மேல கம்பி உக்காருற சின்னத் துண்டு). இந்தக் கணக்க டாப் ஒட்டுறதுக்கு முன்னாலயே போட்டுருங்க, ஒட்டுனதுக்கு அப்புறம் எல்லாம் நெக் கோணத்து மேல வந்து விடியும்.

மேட்டக் கூட்டுனா என்ன, 15 அடி, 16 அடின்னு (ஆரம் கொறையக் கொறைய மேடு கூடும்)? பின்பக்கத்துக்கு 15 அடி போடுதாங்க, 400 மில்லிக்கு 4.4 மில்லி மேடு, பின்பக்கம் அத தாங்கிக்கிடும், பாக்கவும் அழகு. டாப்புல அம்புட்டு மேடு வச்சா நெக் கோணம் ஏறும், பிரிட்ஜோட அடியக் கொடையணும், டாப்பு வெறச்சுக்கிட்டு மெதுவா வாசிக்கும்போது பேச மாட்டேங்குதுன்னு என் காதுக்குத் தோணுது. காது விசயம், சண்டைக்கு வராதீங்க. ஆனா நம்ம ஊரு மாதிரி ஈரமும் வரட்டும் மாறி மாறி அடிக்கற எடத்துல 28ஐ விட மேட்ட கொஞ்சம் கூட்டி 25 அடி வச்சா தப்பில்ல, அங்கயும் 2.6 மில்லிதான் வரும்.

நாலாவது, ஸ்பானிஷ் வழி, சொலெரான்னு ஒரு குழிச்ச வேலைப் பலகை. கீழ்ப்பாதில மட்டும் லேசா குழி, டாப்ப மூஞ்சி கீழ வச்சு அதுமேலயே நெக்கு, சைடு எல்லாத்தையும் நிறுத்தி, லைனிங் பட்டிக்குப் பதிலா சின்னச் சின்ன முக்கோணக் கட்டைகள ஒண்ணொண்ணா ஒட்டிக்கிட்டு வருவாங்க. நெக்கும் உடம்பும் ஒரே பலகைல ஒரே மட்டத்துல நிக்கதால நெக் கோணம் தானா அமையும், அதுதான் இதுல பெரிய அழகு. நைலான் கம்பி செய்யுறவங்க கண்ண மூடிக்கிட்டு இதுக்குப் போங்க, டாப் ரெண்டு ரெண்டரை மில்லிதான், இழுவையும் ஸ்டீல விட ரொம்ப கம்மி. ஸ்டீல்ல இந்த வழி முடியும், ஆனா நெக்க பின்னால கழட்டி சரி பண்ண முடியாது, நம்ம ஊரு வெயில் வருசத்துக்கு வருசம் அடிக்கும், நெக் ஒருநாள் எந்திரிச்சு வரத்தான் செய்யும். ஸ்டீலுக்கு போல்ட் போட்ட நெக், மூணாவது வழி டாப்.

வயலின் மாதிரி தடிப் பலகைல மேட்ட செதுக்கி எடுக்கற ஆர்ச்டாப்னு ஒண்ணு இருக்கு, அது வேற வாத்தியம், வேற சத்தம், வேற பொழப்பு, இங்க வேண்டாம்.

எந்த வழி எடுத்தாலும் பட்டியோட முனைய என்ன பண்ணங்கது தனிக் கேள்வி. லைனிங்ல காடி வெட்டி முனைய உள்ள சொருகலாம், இல்லன்னா லைனிங்குக்கு முன்னாலயே சீவி முடிச்சிரலாம். எக்ஸ்ஸோட மேல் கைகளையும் மேல் குறுக்குப் பட்டியையும் கண்டிப்பா சொருகுங்க, கம்பி இழுவை அங்கதான் போயி முட்டுது. கீழ் கைகள ரெண்டு மில்லிக்கு சீவி சொருகுனாலும் சரி, விட்டாலும் சரி. ஒண்ணு மட்டும், சொருகுன முனை சைடுல முட்டக்கூடாது, ஒரு நூல் எடம் இருக்கணும். டாப் சுருங்கும், பட்டி சுருங்காது, முட்டிக்கிட்டு இருந்தா சைடுல வெளிய ஒரு குமிழு தெரியும், பாலிஷ் போட்டதுக்கப்புறம் தடவிப் பாத்தா கைக்குத் தட்டும்.

பசை. வஜ்ஜிரம் (விலங்குத் தோல்ல எடுக்குற பசை) காய்ச்சி ஒட்டுற ஆசாரிமாரு இப்ப கொறஞ்சு போச்சு, ஆனா டாப்புக்கு அது நல்ல பசை, காஞ்சா கண்ணாடியா நிக்கும், பாரத்துல நகராது. குளிர் நாட்டுக்காரங்க வஜ்ஜிரம் சீக்கிரம் உறைஞ்சிருதுன்னு பயப்படுதாங்க, நம்ம சித்திரை மதியத்துல அந்தப் பயம் இல்ல, சாவகாசமா கிளாம்ப் போடலாம். ஈரமும் சூடும் சேந்தா இளகும், அது வஜ்ஜிரத்தோட கொறை. கதவு ஜன்னலுக்கு போடுத சாதா வெள்ளைப் பசை, பாரமும் சூடும் சேந்தா மெல்ல நழுவும், பிரிட்ஜுக்கு அது வேண்டவே வேண்டாம். வாத்தியத்துக்குன்னு விக்கற மஞ்சள் பசை வாங்குங்க, நடுத்தரம், போதும்.

இப்ப நாளு. பட்டி ஒட்டுற அன்னைக்கும் டாப்பு மூடுற அன்னைக்கும் காத்துல 40லேர்ந்து 45 சதவீதம் ஈரம் இருக்கணும், அதுவும் அன்னைக்கு மட்டும் இருந்தா பத்தாது, மரம் ரெண்டு மூணு வாரம் அந்தக் காத்துலயே கெடந்திருக்கணும். ஐப்பசி, கார்த்திகைல ஒட்டாதீங்க, தாமிரபரணில தண்ணி பொரண்டு ஓடுற நேரத்துல ஒட்டுன டாப்பு பங்குனில கோடு விடும். மாசி பங்குனி வரட்டு நாளும், ஆனி ஆடில திருநெல்வேலி, பாளையங்கோட்டை, வள்ளியூர் பக்கம் மத்தியான நேரமும் நல்லா இருக்கும். அதே ஆடில தென்காசி, குற்றாலம், அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கவங்க மீட்டரப் பாக்காம கைய வைக்காதீங்க, பத்து மைலுக்கு ஒரு காத்து நம்ம பக்கம்.

மீட்டர்னா டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர், வெலை கம்மி, பொய்யும் சொல்லும். சோதிக்க ஒரு பாட்டில் மூடில தூத்துக்குடி உப்பப் போட்டு, கரையாம சகதியா நிக்குற அளவுக்கு ரெண்டு சொட்டு தண்ணி விட்டு, மீட்டரோட சேத்து காத்து போகாத டப்பால ஒரு நாள் வைங்க. 75 காட்டணும். 80 காட்டுனா உங்க மீட்டர் அஞ்சு கூட சொல்லுதுன்னு எழுதி ஒட்டிக்கிடுங்க.

நாளுக்கு காத்திருக்க முடியாதுன்னா பெட்டி. பிளைவுட்ல மரம் படுக்க ஒரு பெட்டி, உள்ள பழைய குண்டு பல்பு ஒண்ணு, காத்து போக வர சின்ன ஓட்டை. 27 டிகிரில 70 சதவீதமா இருக்கற காத்த 35 டிகிரிக்கு சூடாக்குனா அதே காத்துல ஈரப்பதம் 45க்குப் பக்கம் வந்துரும், தண்ணிய எடுக்கவே வேண்டாம், சூடு போதும். அதுல டாப்பையும் பட்டியையும் கெடத்தி, தினம் எடை போட்டு எழுதிக்கிட்டே வாங்க, எடை எறங்குறது நின்னா மரம் தயார். எடுத்தவுடனே ஒட்டணும், எடுத்து வச்சுட்டு ரெண்டு நாள் கழிச்சு ஒட்டுனா பெட்டி செஞ்சதே வீண். ஏசி ரூம் இருக்கவங்களுக்கு பெட்டியும் வேண்டாம், மரத்த அங்கயே போட்டு அங்கயே ஒட்டுங்க, வீட்ல திட்டுவாங்க, அது உங்க பாடு.

ஆக யாருக்கு எதுன்னு கேட்டா நான் சொல்லுதது இதுதான். முதல் கிட்டார், கைல டிஷ் இல்ல, வாங்கவும் மனசில்லன்னா ரெண்டாவது வழி, ஆனா விளிம்ப அந்தக் குச்சி வச்சு சாச்சுத் தேய்க்காம ஒட்டாதீங்க. ரெண்டு கிட்டாருக்கு மேல செய்யுற எண்ணம் இருந்தா டிஷ்க்கு செலவழிங்க, அது ஒரு தடவை செலவு. நைலான்னா சொலெரா. தட்டை டாப்பு வேணும்னு பிடிவாதம் பிடிக்கவங்க, பழைய சத்தத்துக்கு ஆசைப்படுதவங்க இருக்காங்க, அவங்க சின்ன உடம்புல, நல்ல வரட்டு நாள்ல ஒட்டி, லைட்டான கம்பி போட்டுக்கிடுங்க. ஈரமா இருக்கும்போது டிஷ்ல அழகா ஒட்டுன டாப்ப விட, வரட்டு நாள்ல ரெண்டாவது வழில ஒட்டுன டாப்பு மேல எனக்கு நம்பிக்கை கூட.

வாங்குறவங்க எங்க இருக்காங்கன்னும் கேட்டுக்கிடுங்க. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் சர்ச்சுப் பக்கம் கொயர்ல வாசிக்கப் போற கிட்டார் வேற, துபாய்க்கோ தோஹாவுக்கோ போற கிட்டார் வேற, அங்க ராப்பகலா ஏசி. நம்ம ஊருல கச்சிதமா நிக்கற டாப்பு அங்க போனா ஒரு மில்லி எறங்கும், பன்னெண்டாவது ஃப்ரெட்ல கம்பி அரை மில்லி தாந்து ஃப்ரெட்ல தட்டி கிர்ர்ருங்கும், ஒடனே போன் வரும். அதுக்கு சேடில ரெண்டா செஞ்சுருங்க, ஒண்ணு நம்ம ஊரு ஒசரத்துக்கு, இன்னொண்ணு ஒரு மில்லி கூட்டி, பின்னால பென்சில்ல ஏசின்னு எழுதி கேஸ்ல கம்பி வைக்கற பொட்டிக்குள்ள போட்டு விடுங்க.